நீளமான வார்த்தையா? வாலைப் பிடியுங்கள், தலையைப் பாருங்கள்!

ஸ்கேன் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். கவரைப் பிரித்தால் உள்ளே 'ஹெப்பட்டோஸ்ப்ளீனோமெகலி' என்று ஒரு வார்த்தை. டாக்டரைப் பார்க்க நாளைக் காலைதான் டோக்கன். அன்று ராத்திரி வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்? எதிர்வீட்டுக் கல்லூரி மாணவனிடம் காட்டுவீர்கள். அவன் செல்போனில் தட்டிப் பார்த்து, உலகத்தில் இருக்கிற நோயையெல்லாம் வரிசையாகச் சொல்லி, மிச்சமிருந்த தைரியத்தையும் கரைத்துவிட்டுப் போவான்!

"நீங்க சித்த வைத்தியர். இங்கிலீஷ் வார்த்தையைப் பத்தி உங்களுக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்றைக்கு சித்த மருத்துவரிடம் வருகிறவர்களும் ஒரு கட்டு ரிப்போர்ட்டோடுதான் வருகிறார்கள். "கஷாயம் அப்புறம் குடுங்க சார், முதல்ல இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க" என்பதுதான் முதல் கேள்வி.

நாங்கள் படித்த காலத்தில் ஒரு கையில் சித்தர் பாடல், மறு கையில் ஆங்கில உடற்கூறுப் புத்தகம். பாடலைப் பதம் பிரிக்காமல் படித்தால் மருந்தின் பெயரே மாறிப்போகும். ஆங்கிலப் புத்தகத்தின் நீள வார்த்தையும் அப்படித்தான். இரண்டு பூட்டுக்கும் ஒரே சாவி: பதம் பிரித்தல்.

பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பகுதி, இடைநிலை, விகுதி... அதே வித்தைதான் இதுவும். மருத்துவத்தில் வரும் நீள வார்த்தைகளில் பெரும்பாலானவை பிறப்பால் ஆங்கிலமே அல்ல. கிரேக்கத் துண்டுகளையும் லத்தீன் துண்டுகளையும் சேர்த்துக் கட்டியவை. துண்டுகள் சில டஜன்தான். அவற்றைத் தெரிந்துகொண்டால் நூற்றுக்கணக்கான வார்த்தைகள் தானாகப் பிரியும்.

வாலிலிருந்து ஆரம்பியுங்கள்

நீள வார்த்தையை முன்னாலிருந்து படிக்காதீர்கள். மூச்சு வாங்கும். கடைசித் துண்டைப் பிடியுங்கள். என்ன நடக்கிறது, அல்லது என்ன செய்யப் போகிறார்கள் என்பதை அதுதான் சொல்லும்.

'மெகலி' என்றால் பெரிதாகியிருப்பது. இதை வெட்டிவிட்டால் மிச்சம் 'ஹெப்பட்டோ', 'ஸ்ப்ளீனோ'. முதலாவது கல்லீரல், இரண்டாவது மண்ணீரல். ஆக, ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்த அந்த வார்த்தைக்கு அர்த்தம், 'கல்லீரலும் மண்ணீரலும் சற்றுப் பெரிதாக உள்ளன' என்பதுதான். இது ஒரு நோயின் பெயரே அல்ல. ஸ்கேனில் கண்ட காட்சி. மலேரியா, டைபாய்டு போன்ற காய்ச்சலிலும் வரும். வேறு காரணத்தாலும் வரும். எதனால் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும் அல்லவா?

இன்னொரு வால், 'ஐட்டிஸ்'. அழற்சி என்று பொருள். 'ஆர்த்ரோ' மூட்டு, 'ஆஸ்டியோ' எலும்பு. 'ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ்' பிரிந்துவிட்டது! இதற்கு இணையாக சித்த மருத்துவத்தில் சொல்லும் 'அழல் கீல்வாயு'வையும் பிரித்துப் பாருங்கள். அழல் என்றால் நெருப்பு, கீல் என்றால் மூட்டு, வாயு என்றால் வாதம். கிரேக்கனும் நம் சித்தரும் மூட்டில் கை வைத்துப் பார்த்து ஒரே சூட்டைத்தான் கண்டிருக்கிறார்கள்.

'லித்' என்றால் கல். 'நெஃப்ரோ' சிறுநீரகம். 'நெஃப்ரோலிதையாஸிஸ்' என்றால் சிறுநீரகக் கல். 'கோலி' என்றால் பித்தம். 'கோலிலிதையாஸிஸ்' பித்தக் கல். ஒரு துண்டை மாற்றிப் போட்டால் அடுத்த வார்த்தை தயார்.

டெங்கு சமயத்தில் எல்லோரையும் மிரட்டுகிற 'த்ராம்போஸைட்டோபீனியா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 'பீனியா' என்ற வாலுக்குப் பற்றாக்குறை என்று பொருள். 'ஸைட்டோ' அணு, 'த்ராம்போ' உறைதல். ரத்தம் உறைய உதவும் அணுக்கள், அதாவது பிளேட்லெட், குறைந்திருக்கின்றன. இதே வார்த்தை 'த்ராம்போஸைட்டோஸிஸ்' என்று முடிந்தால் பிளேட்லெட் அளவுக்கு மேல் கூடியிருக்கிறது என்று அர்த்தம். வால் மாறினால் சேதியே தலைகீழ்!

அசை எத்தனை? அழுத்தம் எங்கே?

பிரித்துப் படிக்கத் தெரிந்தால் போதாது, சொல்லவும் தெரிய வேண்டும். டாக்டர் சொல்வது காதில் சரியாக விழ வேண்டுமே!

முதலில் அசை. எழுத்தை எண்ணாதீர்கள். மோவாய்க்கு அடியில் புறங்கையை வைத்துக்கொண்டு வார்த்தையை மெதுவாகச் சொல்லுங்கள். எத்தனை முறை தாடை இறங்கிக் கையில் படுகிறதோ, ஏறக்குறைய அத்தனை அசை. 'ஹெப்பட்டைட்டிஸ்' நாலு அசை: ஹெ-ப-டை-டிஸ். 'டியூபர்குலோஸிஸ்' ஐந்து: டியூ-பர்-கு-லோ-ஸிஸ்.

அடுத்தது அழுத்தம். தமிழில் எல்லா அசையையும் கிட்டத்தட்ட ஒரே சீராகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அப்படியில்லை. ஏதாவது ஒரு அசைக்கு முழு பலம், மற்றவை தேய்ந்துபோகும். எந்த அசைக்கு பலம் என்பதை மருத்துவ வார்த்தைகளில் பெரும்பாலும் வால்தான் தீர்மானிக்கிறது. கீழே அழுத்தம் விழும் அசையை மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஐட்டிஸ் என்று முடிந்தால் 'ஐ' மேல் அழுத்தம்: ஹெ-ப-'டை'-டிஸ்.
ஈமியா என்று முடிந்தால் 'ஈ' மேல்: அ-'நீ'-மி-யா.
ஓஸிஸ் என்று முடிந்தால் 'ஓ' மேல்: டியூ-பர்-கு-'லோ'-ஸிஸ்.
ஆலஜி, ஆஸ்கோபி, எக்டமி, மெகலி என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது அசை மேல்: கார்-டி-'யா'-ல-ஜி, என்-'டாஸ்'-க-பி, அ-பென்-'டெக்'-ட-மி.

இதில் ஒன்று கவனித்தீர்களா? அழுத்தம் எப்போதும் வால் பக்கமே போய் விழுகிறது. தலைப் பக்கம் தேய்ந்துவிடுகிறது. அதனால் காது வாலைத்தான் பிடிக்கிறது. ஆபத்தே இங்கேதான் ஆரம்பிக்கிறது!

நியூராலஜி, நெஃப்ராலஜி, யூராலஜி. மூன்றிலும் அழுத்தம் 'ரா' மேல். பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணை ஜன்னலில் கூட்டத்துக்கு நடுவே கேட்டால் மூன்றும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். 'நியூரோ' நரம்பு. 'நெஃப்ரோ' சிறுநீரகம். 'யூரோ' சிறுநீர்ப் பாதை. சிறுநீரகம் பழுதுபட்டு கிரியாட்டினின் ஏறியவர் நரம்பு டாக்டரின் வரிசையில் உட்கார்ந்துகொண்டு அரை நாளைத் தொலைப்பது இப்படித்தான். தலையை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

போனால் போ, பெருத்தால் பர்!

அரை நாள் போனால் பரவாயில்லை. உயிரே போகிற இடமும் உண்டு. அதுதான் ஹைப்போவும் ஹைப்பரும்.

ஹை-போ-கிளை-'ஸீ'-மி-யா. ஹை-பர்-கிளை-'ஸீ'-மி-யா. இரண்டுக்கும் ஆறு அசை. இரண்டிலும் அழுத்தம் 'ஸீ' மேல். 'கிளை' என்றால் இனிப்பு, 'ஈமியா' என்றால் ரத்தத்தில். வித்தியாசம் எல்லாம் இரண்டாவது அசையில், 'போ'வுக்கும் 'பர்'ருக்கும் நடுவில் இருக்கிறது. அந்த அசையில் அழுத்தமே கிடையாது. வேகமாகச் சொல்கிறவர் வாயில் இரண்டும் 'ஹைப்ப' என்றுதான் வரும். போனில் கேட்டால் இன்னும் மோசம்.

ஞாபகம் வைத்துக்கொள்ள நம் தமிழே கை கொடுக்கிறது. 'போ' என்றால் போய்விட்டது, குறைந்துவிட்டது. 'பர்' என்றால் பெருத்துவிட்டது, கூடிவிட்டது. காகிதத்தில் பார்க்கும்போது ஆங்கிலத்தில் நாலாவது எழுத்து 'ஓ'வா, 'ஈ'யா என்று பாருங்கள். 'ஓ' இருந்தால் குறைவு. 'ஈ' இருந்து அடுத்து 'ஆர்' வந்தால் அதிகம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? சர்க்கரை நோயாளி ஒருவருக்கு திடீரென்று கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சில் குழப்பம். இது பெரும்பாலும் ஹைப்போ, அதாவது சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிய நிலை. நினைவு தெளிவாக இருந்து விழுங்கவும் முடிந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். "ஷுகர்காரருக்கு சர்க்கரையா!" என்று தயங்கி நின்றால் மயக்கத்தில் கொண்டுபோய் விடும். மீட்டர் இல்லை, கூடுதலா குறைவா என்று தெரியவில்லை என்றாலும் முதலில் சர்க்கரை கொடுப்பதுதான் பாதுகாப்பு. மயங்கிவிட்டவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொரு ஜோடியைப் பாருங்கள். ஹைப்போகலீமியா, ஹைப்பர்கலீமியா. 'கல்' என்ற துண்டைப் பார்த்து கருங்கல் என்று நினைக்க வேண்டாம்! பொட்டாசியத்தின் லத்தீன் பெயரான 'காலியம்' என்பதிலிருந்து வந்தது. "இளநீர் இயற்கை மருந்துதானே, தினமும் கொடுக்கலாமே?" என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். இளநீரில் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் கெட்டு ரிப்போர்ட்டில் ஹைப்பர்கலீமியா என்று வந்தவருக்கு இளநீர் கொடுத்தால், ஏற்கெனவே கூடிக் கிடக்கும் பொட்டாசியம் இன்னும் ஏறி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். ஒரே இளநீர்! இரண்டாவது அசையைப் பார்க்காமல் அதை மருந்து என்று சொல்ல முடியாது, நஞ்சு என்றும் சொல்ல முடியாது.

தைராய்டிலும் இதே கதைதான். ஹைப்போதைராய்டிசம் சுரப்புக் குறைவு. ஹைப்பர்தைராய்டிசம் சுரப்பு அதிகம். மருந்து நேர் எதிர். பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் உங்களுக்கும் 'தைராய்டு' என்ற வால் ஒன்று என்பதற்காக அவர் மாத்திரையை நீங்கள் வாங்கிப் போடாதீர்கள்.

கையெழுத்துப் போடுமுன்...

ஆபரேஷனுக்கு முன்பு ஒரு தாளை நீட்டுவார்கள். பதற்றத்தில் எங்கே கையெழுத்து என்று மட்டும் பார்த்துப் போட்டுவிடுகிறோம். அந்தத் தாளில் உள்ள நாலு வால்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆஸ்கோபி: குழாய் விட்டு உள்ளே பார்ப்பது.
ஆட்டமி: வெட்டித் திறப்பது.
எக்டமி: வெட்டி எடுத்துவிடுவது.
ஆஸ்டமி: புதிதாக ஒரு வாய் திறந்து வைப்பது.

'டாம்' என்றால் வெட்டு. வெட்டவே முடியாதது என்று நினைத்துத்தான் அணுவுக்கு 'ஆட்டம்' என்று பெயர் வைத்தார்கள். 'எக்' சேர்ந்தால் 'வெளியே'; எக்டமி என்றால் உறுப்பு வெளியே வந்துவிடும், திரும்பி வராது. 'ஸ்டோமா' என்றால் வாய். கொலக்டமி என்றால் பெருங்குடலை எடுப்பது. கொலாஸ்டமி என்றால் பெருங்குடலுக்கு வயிற்றில் வாய் வைத்து மலம் பையில் சேரும்படி செய்வது. இரண்டும் காதுக்கு அண்ணன் தம்பி மாதிரி. வாழ்க்கையில் எவ்வளவு வித்தியாசம்!

பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று வார்த்தைகள் உண்டு. 'மை' தசை, 'ஓமா' கட்டி. கர்ப்பப்பையில் வரும் தசைக்கட்டி மையோமா. மை-யோ-'மெக்'-ட-மி என்றால் அந்தக் கட்டியை மட்டும் எடுப்பது. கர்ப்பப்பை உள்ளேயே இருக்கும். ஹிஸ்-ட-'ரெக்'-ட-மி என்றால் கர்ப்பப்பையையே எடுப்பது. ஓ-அ-ஃப-'ரெக்'-ட-மி என்றால் சினைப்பையை எடுப்பது. 'ஓ' முட்டை, 'ஃபோர்' சுமப்பது. முட்டையைச் சுமக்கும் பை. இங்கேயும் அழுத்தம் எல்லாம் வாலில்தான். எதை எடுக்கிறார்கள் என்பது தேய்ந்துபோன தலையில் இருக்கிறது.

கர்ப்பப்பையை எடுத்தால் சினைப்பையும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கர்ப்பப்பை போனால் மாதவிலக்கு நிற்கும். சினைப்பை இருந்தால் அது சுரந்துகொண்டுதான் இருக்கும். மாதவிலக்கு நிற்கிற வயதுக்கு முன்பே இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் சுரப்பு ஒரே நாளில் நின்றுபோகும். உடம்பில் அனல், தூக்கமின்மை, எலும்பு தேய்வு எல்லாம் சீக்கிரமே வரும். சில நோய்களில் எடுத்தே ஆக வேண்டியிருக்கும். ஆனால் எடுக்கப் போகிறார்கள் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வால்கள் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கின்றன! 1995-ல் டெல்லியில் ஒரு பெண் ரத்தப்போக்குக்காக மருத்துவமனைக்குப் போனார். அவர் கையெழுத்திட்ட தாளில் இருந்தது லாப்பராஸ்கோபி. லாப்பராட்டமி தேவைப்படலாம் என்றும் எழுதியிருந்தது. 'லாப்பரோ' என்றால் வயிறு. அதாவது குழாய் விட்டுப் பார்ப்பது, தேவையானால் வயிற்றைத் திறப்பது. அவர் மயக்கத்தில் இருக்கும்போதே தாயாரிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பை, சினைப்பைகள், கருக்குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு நடந்தது. சோதனைக்குக் கொடுத்த சம்மதம் உறுப்பை எடுக்கக் கொடுத்த சம்மதம் ஆகாது; உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, நினைவு திரும்பியபின் அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்று 2008-ல் தீர்ப்பு வந்தது. ஆஸ்கோபிக்கும் எக்டமிக்கும் உள்ள தூரம் அவ்வளவு!

ஆகவே தாளை நீட்டினால், "எந்த உறுப்பு? பார்க்கப் போறீங்களா, திறக்கப் போறீங்களா, எடுக்கப் போறீங்களா? தமிழ்ல சொல்லுங்க டாக்டர்" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏமாற்றும் வார்த்தைகளும் உண்டு

பதம் பிரிக்கத் தெரிந்ததாலேயே நாம் டாக்டர் ஆகிவிட மாட்டோம். 'ஓமா' என்றால் கட்டி என்றேன். ஆனால் கண்ணில் வரும் 'கிளாக்கோமா' கட்டி அல்ல; பெரும்பாலும் கண்ணின் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடும் நோய். 'மலேரியா'வைப் பிரித்தால் கெட்ட காற்று. கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியை 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடிக்கும் வரை அப்படித்தான் நம்பினார்கள். 'ஐட்டிஸ்' என்று முடிந்தாலே கிருமி என்றும், ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்றும் முடிவுகட்டக் கூடாது. மூட்டுத் தேய்வில் கிருமி எங்கே இருக்கிறது? வார்த்தை சொல்வது பெயர்க் காரணம். நோயின் காரணத்தைச் சோதனைதான் சொல்லும்.

வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள...

தலை: ஹைப்போ குறைவு. ஹைப்பர் அதிகம். டாக்கி வேகம். பிராடி மெதுவு. பாலி பல. ஹெமி பாதி. டிஸ் சிரமம்.

நடு: கார்டியோ இதயம். காஸ்ட்ரோ இரைப்பை. என்ட்ரோ குடல். ஹெப்பட்டோ கல்லீரல். நெஃப்ரோ சிறுநீரகம். நியூமோ நுரையீரல். டெர்மோ தோல். ஆஸ்டியோ எலும்பு. ஹிஸ்டரோ கர்ப்பப்பை.

வால்: ஐட்டிஸ் அழற்சி. ஆல்ஜியா வலி. ஈமியா ரத்தத்தில். யூரியா சிறுநீரில். பீனியா பற்றாக்குறை. மெகலி பெருக்கம். கிராம் பதிவு. பிளாஸ்டி சீரமைப்பு.

கடைசியாக ஒரு பரீட்சை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் 45 எழுத்து ஆங்கில வார்த்தை ஒன்றை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். 'நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்ஸிலிகோவால்கனோகோனியோஸிஸ்'. நீளமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே 1935-ல் அமெரிக்காவின் புதிர்ச் சங்கத் தலைவர் ஒருவர் கட்டிவிட்ட வார்த்தை. 19 அசை! பயப்படாமல் வாலைப் பிடியுங்கள். 'ஓஸிஸ்' நோய் நிலை. நாம் சொன்ன விதிப்படியே அழுத்தம் அதன் 'ஓ' மேல். 'கோனி' தூசி. 'வால்கனோ' எரிமலை. 'ஸிலிகோ' மணலிலும் கல்லிலும் இருக்கும் சிலிக்கா. 'அல்ட்ராமைக்ராஸ்கோபிக்' என்றால் நுண்ணோக்கிக்கும் எட்டாத பொடி. 'நியூமோனோ' நுரையீரல். மிக நுண்ணிய கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய்! டாக்டர்கள் இதை 'ஸிலிகோஸிஸ்' என்று நாலே அசையில் சொல்லி முடிக்கிறார்கள். கல் உடைக்கும் இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு வருவது இதுதான்; தூசியைத் தண்ணீர் தெளித்து அடக்குவதும், தூசியை வடிகட்டும் முகக்கவசம் போடுவதும்தான் தற்காப்பு.

அடுத்த முறை ரிப்போர்ட் வந்ததும் ஒரு பென்சிலை எடுங்கள். வாலுக்கு ஒரு கோடு, தலைக்கு ஒரு கோடு. நடுவில் உறுப்பு தானாகத் தெரியும். வாய்விட்டு ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். பிறகு அந்தக் காகிதத்தோடு டாக்டரிடம் போய், தெரியாததை மட்டும் கேளுங்கள்.